ரேடியோவுக்குள் வெள்ளீய மீசை!



எங்க வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய ரேடியோ இருந்தது. புது பேட்டரி போட்டும் "உஸ்ஸ்..." சத்தம் மட்டும்தான். "எடைக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா. அப்பாயி விடவே இல்லை. ரேடியோ ரிப்பேர் செய்யும் மாமாவிடம் கொண்டு போனோம். அங்கே நான் கற்றது இது.

உஸ் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் பக்கம் உயிரோடு இருக்கிறது. அலையை வாங்கும் பக்கத்தில்தான் கோளாறு. அங்கே ஏ.எஃப்.117 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. தனிம அட்டவணையில் சிலிக்கானுக்குக் கீழே இருக்குமே, அதே ஜெர்மானியம்தான்! 1947-ல் செய்த முதல் டிரான்சிஸ்டரும் ஜெர்மானியத்தால் ஆனதே.

இதற்கு 4 கால்கள்: உமிழ்ப்பான், அடிவாய், கவசம், ஏற்பான். கவசக் கால் வெளி உலோக மூடியோடு சேர்ந்தது. வருடக்கணக்கில் மூடிக்குள்ளே வெள்ளீயம் முடி போல வளரும். தலைமுடியை விட மெல்லியது. அது உள்ளே உள்ள கம்பியைத் தொட்டால் ஷார்ட்!

சோதிக்கும் முறை:

1. பேட்டரியை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டரைக் கழற்றவும். ஜெர்மானியம் சூடு தாங்காது. பற்றவைக்கும்போது காலைக் குறடால் பிடித்தால் சூடு குறடுக்குப் போய்விடும்.

2. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைக்கவும். கறுப்பு முனை அடிவாயில், சிவப்பு முனை உமிழ்ப்பானில். சுமார் 0.2 முதல் 0.3 வோல்ட் காட்டினால் நல்லது. ஏற்பானிலும் அப்படியே. (சிலிக்கானுக்கு 0.6, 0.7 வரும். அதைப் பார்த்து இது கெட்டதுன்னு நினைக்கக் கூடாது.)

3. கவசக் காலுக்கும் மற்ற 3 கால்களுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் மீசை முளைத்துவிட்டது!

எங்களுடையதில் 2 டிரான்சிஸ்டரில் மீசை. மாமா முதலில் கவசக் காலை மட்டும் வெட்டினார். மீசை ஒரே கம்பியைத் தொட்டிருந்தால் இதுவே போதும். ஒன்று சரியானது. மற்றதில் மீசை இரண்டு கம்பிகளைத் தொட்டிருந்தது. 3 கால்களையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் மூடிக்கும் நடுவே மின்னேற்றிய மின்தேக்கியை ஒரு நொடி தொட வைத்தார். ஃபியூஸ் கம்பி மாதிரி மீசை எரிந்து போச்சு! (இதைப் பெரியவங்க இல்லாம செய்யாதீங்க.)

இரவு ரேடியோவில் குரல் கேட்டது. அப்பாயி ஒன்றும் பேசவில்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டார்.

மீசை திரும்பவும் வளரலாம் என்றார் மாமா. வளரட்டும். சோதிக்க இப்போ எனக்குத் தெரியுமே! உங்க வீட்டுப் பரணையும் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பாருங்கள்.