பிள்ளைகளுக்குப் புராணம் கற்பித்தல்: மீட்டல் அட்டைகளும் விளையாட்டுக்களும்

ஈழத்துச் சைவ ஆலயங்களிற் புராணபடனம் நெடுங்காலமாக நிலவிவரும் மரபாகும். ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். மண்டபத்தில் இருக்கும் அடியார்கள் செவிமடுப்பர். எழுத்தறியாத முதியவர்கள்கூடக் கந்தபுராணத்தின் கிளைக்கதைகளை முறை தவறாமற் சொல்ல வல்லவர்களாக இருந்தமைக்கு, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கேட்ட இக்கேள்விச் செல்வமே காரணமாகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்க்கை முறையைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டதும் இதனாலேயாம்.

இன்று புராணபடனம் நடைபெறும் மண்டபங்களிற் சிறுவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. பிள்ளைகள் புராணத்தை அறிந்துகொள்வது பாடசாலையிற் சைவநெறிப் பாடத்தின் மூலமும், ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையின் மூலமுமே. ஆசிரியர் சொல்வதைக் கொப்பியில் எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முதல்நாள் பாடமாக்குகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இக்குறையை நீக்க மீட்டல் அட்டைகளும் விளையாட்டுக்களும் எவ்வளவு உதவும், எந்த இடத்தில் அவை போதாமற் போகும் என்பதை வகுப்பறை அனுபவத்தின் வழியே எடுத்துக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவிடை எமக்குப் புதியதன்று

வினாவும் விடையுமாகச் சமயம் கற்பிக்கும் முறையை எமக்குத் தந்தவர் நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822 – 1879) அவர்கள். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதினார். பெரியபுராணத்தை எல்லோரும் வாசித்து விளங்கும்படி வசனநடையிலும் ஆக்கித் தந்தார்.

அந்த வினாவிடையை ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு கேட்க, பிள்ளை பார்க்காமல் விடை சொன்ன காலத்தில் அது பெரும் பயன் தந்தது. பிள்ளை தனியே புத்தகத்தைத் திறந்து படிக்கும்போது நிலைமை வேறு. வினாவின் கீழேயே விடை இருப்பதாற் கண் விடைக்கு ஓடிவிடுகிறது. வாசித்ததும் “இது எனக்குத் தெரியும்” என்ற எண்ணம் உண்டாகிறது. அட்டையின் முன்பக்கத்தில் வினாவும் பின்பக்கத்தில் விடையும் இருந்தால், திருப்புவதற்கு முன் பிள்ளை சற்று நேரம் யோசித்தே ஆகவேண்டும். அந்தச் சற்று நேர யோசனையே மீட்டல் அட்டையின் பயன் முழுவதும்.

ஞாபகம் நிலைக்கும் வகை

கற்றவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்பதை ஜேர்மனிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மைத்தாமே சோதித்து 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தனர். ஒரு முறை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் கூடுதலாக நினைவு கூர்ந்தனர். ஆனால் ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னின்றனர். பரீட்சைக்கு முதல்நாள் வாசிப்பவன் மறுநாள் எழுதிவிடுவதும், பின்னர் மறப்பதும் ஏனென்று இதனால் விளங்கும்.

அட்டைகளைப் பெட்டிகளில் வகுத்து மீட்கும் முறையை செபஸ்டியான் லைட்னர் என்பவர் 1972இல் தமது நூலில் விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குச் செல்லும். தவறிய அட்டை முதற் பெட்டிக்குத் திரும்பும். வாரம் ஒருமுறை கூடும் அறநெறி வகுப்புக்கு மூன்று பெட்டிகள் போதுமானவை. முதற் பெட்டியை ஒவ்வொரு ஞாயிறும், இரண்டாவதை இரு வாரத்துக்கு ஒருமுறையும், மூன்றாவதை மாதம் ஒருமுறையும் எடுத்தால் நன்று. பழைய சப்பாத்துப் பெட்டிகளே இதற்குப் போதும்.

அட்டைகளை ஆக்குதல்

பழைய கலண்டர் மட்டைகளை உள்ளங்கை அளவிற் சம துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். ஓர் அட்டைக்கு ஒரு வினா மட்டுமே இருக்க வேண்டும். “நவவீரர்கள் ஒன்பதின்மரும் யாவர்?” என்று ஓர் அட்டையில் எழுதினால் எட்டுப் பெயர் சொன்ன பிள்ளையும் தோற்றதாகிவிடும். “நவவீரர்களுள் மூத்தவரும் மகேந்திரபுரிக்குத் தூது சென்றவரும் யார்?” என்று தொடங்குவது நன்று.

அட்டைகளைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதுவித்தல் வேண்டும். வினாவை ஆக்கும்போதே பாதி பாடம் முடிந்துவிடும். தெய்வப் படங்களை ஒட்டாது பெயரை மட்டும் எழுதுவது நல்லது. விளையாட்டின்போது அட்டைகள் காலடியிற் படக்கூடும். பாய் விரித்தோ, வாங்கின்மேல் வைத்தோ விளையாடப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

வகுப்பறை விளையாட்டுக்கள் நான்கு

1. நான் யார்? ஒரு பிள்ளையின் முதுகில் ஒரு பெயர் அட்டையைக் குத்திவிட வேண்டும். அப்பிள்ளை மற்றவர்களிடம் ஆம், இல்லை என்ற விடை வரத்தக்க வினாக்களைக் கேட்டுத் தான் யாரென அறிய வேண்டும். “நான் அசுரனா?”, “எனக்குத் தமையன்மார் உண்டா?”, “என் கை வெட்டுண்டதா?” என்று கேட்டு வரும்போது அசமுகி என்ற விடை வெளிப்படும். இங்கே வகுப்பு முழுவதும் மீட்டலில் ஈடுபடுகிறது.

2. சோடி சேர்த்தல். நாயன்மாரின் பெயர்களை ஒரு நிற அட்டையிலும் அவர்தம் ஊரை அல்லது தொண்டை வேறொரு நிற அட்டையிலும் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பூசலார் – திருநின்றவூர், அப்பூதியடிகள் – திங்களூர், மெய்ப்பொருளார் – திருக்கோவலூர் என்றவாறு சோடிகளைக் கண்டுபிடிக்கலாம். பெயர் மயங்கத்தக்கவர்களை வேண்டுமென்றே ஒன்றாக வைத்தல் நலம். தில்லையிற் குயவர் குலத்துத் திருநீலகண்ட நாயனார், எருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார், சாத்தமங்கைத் திருநீலநக்க நாயனார் ஆகிய மூவரையும் பிள்ளைகள் பரீட்சையிற் குழப்பிக்கொள்வதுண்டு. மூவரையும் அருகருகே கண்டு பிரித்தறிந்த பிள்ளை பின்னர் மயங்காது. இவ்வாறே நீரால் விளக்கெரித்த நமிநந்தியடிகள், புல்லாலும் பின்னர்த் தம் தலைமயிராலும் விளக்கெரித்த கணம்புல்லர், திருவொற்றியூரிலே திருவிளக்குத் தொண்டு செய்த கலியர் ஆகியோரை ஒரு தொகுதியாக்கலாம்.

3. கதைக் கயிறு. மண்டபத் தூண்கள் இரண்டுக்கிடையே ஒரு கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் நிகழ்ச்சி அட்டைகளை ஒழுங்காகத் தொங்கவிடச் சொல்லலாம். தக்கன் வேள்வி, சூரபன்மன் பிறப்பு, சரவணப் பொய்கை, தாரகன் வதை, வீரவாகுதேவர் தூது, சூரசங்காரம், தெய்வயானையம்மை திருமணம், வள்ளியம்மை திருமணம் என்பன நிகழ்ந்த ஒழுங்கு. கச்சியப்ப சிவாசாரியர் பாடிய ஒழுங்கு இதனின் வேறுபட்டது. உற்பத்திக் காண்டத்திலே முருகப்பெருமானின் திருவவதாரத்தையும் தாரகன் வதையையும் சொன்ன பின்னரே அசுர காண்டத்திற் சூரன் பிறப்பைச் சொல்கிறார். எல்லாவற்றிற்கும் முன் நிகழ்ந்த தக்கன் வேள்வியை, மகேந்திர, யுத்த, தேவ காண்டங்களையும் கடந்து இறுதியான தக்ஷ காண்டத்தில் வைத்திருக்கிறார். ஒரு குழு நிகழ்ந்த ஒழுங்கிலும் மறுகுழு நூலின் ஒழுங்கிலும் கயிற்றை நிரப்பினால் இவ்வேறுபாடு பிள்ளைகளுக்குக் கண்கூடாகும்.

4. பயன் சொல்லுதல். ஒரு பிள்ளை பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வாசிக்க வேண்டும். அடுத்த பிள்ளை எழுந்து நின்று அதன் கதையை இரண்டு நிமிடத்திற் சொந்த வசனத்திற் சொல்ல வேண்டும். புராணபடனத்தின் வாசிப்பும் பயனுமே இவ்விளையாட்டாக வந்துள்ளன. நாளை மண்டபத்தில் பயன் சொல்ல ஆள் வேண்டுமானால் இன்றே இப்பழக்கம் தொடங்க வேண்டும்.

அட்டையில் இல்லாத கேள்வி

இவ்விளையாட்டுக்களால் வகுப்பு கலகலப்படைந்ததைக் கண்டு மகிழ்ந்திருந்த காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். கந்தசஷ்டி நாளிற் சூரன் போர் முடிந்து அடியார்கள் வீதியிற் கலைந்துகொண்டிருந்தனர். எனது வகுப்பில் எல்லா அட்டைகளையும் மூன்றாம் பெட்டிக்குக் கொண்டுசென்ற சிறுமி ஒருத்தி, தன் ஆச்சிக்கு ஆறு காண்டங்களின் பெயரையும் சூரனுடைய பிள்ளைகளின் பெயரையும் மடமடவென ஒப்புவித்தாள். ஆச்சி மகிழ்ந்து கேட்டுவிட்டு, “அது சரி பிள்ளை, தேவர்களெல்லாம் என்ன குற்றஞ் செய்து மறியலுக்குப் போனவை?” என்று கேட்டார்.

சிறுமி என்னைப் பார்த்தாள். பிறகு, “அது அட்டையிலை இல்லை ஆச்சி” என்றாள்.

தக்கன் சிவபெருமானை விலக்கிச் செய்த வேள்வியில், அது தகாதென்று தெரிந்தும் போயிருந்து அவி உண்டமையாலேயே தேவர்கள் சூரனாற் பட்டார்கள் என்று ஆச்சியே பேர்த்திக்கு விளங்கப்படுத்தினார். அவர் பாடசாலையில் அதிகம் படித்தவரல்லர். இளமை முதல் புராணபடனத்திற்கு வந்திருந்து பயன் கேட்டவர். குறை பிள்ளையிடத்தில் இல்லை; நான் செய்வித்த அட்டைகளிலேயே இருந்தது. யார், எங்கே, எத்தனை என்ற வினாக்களால் மூன்று பெட்டிகளையும் நிரப்பியிருந்தேன். ஏன் என்ற வினா ஒன்றேனும் இருக்கவில்லை.

வீடு சென்று நூலைப் புரட்டியபோது மற்றொன்றும் புலப்பட்டது. ஆச்சி கேட்ட கேள்வியை நூலிலேயே ஒருவன் கேட்கிறான். அவன் இந்திரன் மைந்தன் சயந்தன். தேவர்களோடு தானும் சிறையிருந்து துன்புற்றவன். போர் முடிந்து, பொன்னுலகு மீண்டு, துன்பமெல்லாம் நீங்கிய பின்னரும் அவனுக்கு மனம் ஆறவில்லை. “எமக்கு ஏன் இத்துன்பம் வந்தது?” எனக் குருவாகிய வியாழ பகவானிடம் கேட்கிறான். அதற்கு விடையாகவே தக்ஷ காண்டம் விரிகிறது. கதை முடிந்த பின்னரும் காரணம் கேட்கும் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் ஒரு முழுக் காண்டத்தைக் கொடுத்திருக்கிறார். நாமோ காண்டத்தின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிட்டோம்.

சயந்தன் அட்டைகள்

அதன்பின் நான்காவது பெட்டி ஒன்றைச் சேர்த்தோம். பிள்ளைகள் அதற்குச் சயந்தன் பெட்டி என்று பெயரிட்டார்கள். இவ்வட்டைகளின் பின்பக்கத்தில் விடை இராது. விடையைத் தேட வேண்டிய படலத்தின் பெயர் மட்டும் இருக்கும். மாதிரிக்குச் சில:

• வெல்ல வல்ல பெருமான் போருக்கு முன் தூது அனுப்பியது ஏன்?

• தேவர்களைச் சிறைவிடும்படி தமையனுக்கு அறிவுரை கூறிய சிங்கமுகன், பின்னர் அவனுக்காகவே போர்புரிந்து மாண்டான். அவன் செய்தது சரியா?

• அருந்தவஞ் செய்து வரம்பெற்ற சூரபன்மன் எவ்விடத்தில் தவறினான்?

• சங்காரஞ் செய்த பெருமான் அவனையே சேவற்கொடியாகவும் மயில் வாகனமாகவும் ஏற்றுக்கொண்டது ஏன்?

இவ்வட்டைகளுக்குப் புள்ளி கிடையாது. வெற்றி தோல்வியும் கிடையாது. ஒரு ஞாயிறுக்கு ஓர் அட்டை போதும். அதை வீட்டுக்குக் கொண்டுசென்று பெரியவர்களிடமும் கேட்டு வரச் சொல்லலாம். மூன்று பெட்டிகளில் உள்ள பெயர்களும் ஒழுங்கும் தெரிந்த பிள்ளையே இவ்வினாக்களைப் பற்றிப் பேச முடியும். சிங்கமுகன் யாரென்று தெரியாதவனிடம் அவன் செய்தது சரியா எனக் கேட்டுப் பயனில்லை. எனவே முதல் மூன்று பெட்டிகளும் வேண்டியவையே. ஆனால் அவற்றோடு பாடத்தை முடித்துவிடலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

அட்டைகள் பிள்ளையைப் புராணத்தின் வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே செல்வதற்குப் புராணபடனம் கேட்க வேண்டும். புராணபடன நாட்களில் ஒரு மணித்தியாலமாவது பிள்ளைகளை மண்டபத்திற்கு அழைத்து வாருங்கள். அட்டையிற் கண்ட பெயர் செய்யுளில் வரும்போது பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதைக் காண்பீர்கள். வீட்டில் ஆச்சியோ அப்புவோ இருப்பின், சயந்தன் அட்டையை முதலில் அவர்களிடமே கொடுங்கள். அவர்கள் அறிந்தவை எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கேட்பாரில்லாவிட்டால் அவை அவர்களோடு போய்விடும்.

எமது இளஞ்சிறார்கள் புராணங்களைப் பரீட்சைக்காக மாத்திரமன்றி வாழ்க்கைக்காகவும் கற்று உயர எல்லாம்வல்ல முருகப்பெருமான் திருவருள் பாலிப்பாராக.