கணினி இன்றித் திரையில் மரித்தோர் படங்கள்



கார்த்திகை 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் நினைவுநாளன்று, பங்கில் இறந்தோரின் படங்களைத் திரையில் காட்டிச் செபிப்பது நல்ல பக்தி முயற்சி. கணினி இல்லையே என்று இதனைக் கைவிட வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. வசதியுள்ள புறொஜெக்ரரும் ஒரு பென்டிரைவும் போதும்.

முன்னாளில் ஸ்லைட் காட்டியவர்களுக்கு இது புதிதன்று. கொடாக் கருவியின் வட்டத் தட்டில் 80 ஸ்லைட்டுகளைத் தலைகீழாகச் செருகி, ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். அந்நிறுவனம் 2004இல் அக்கருவிகளைச் செய்வதை நிறுத்திவிட்டது. இன்று பென்டிரைவே அந்தத் தட்டு. தலைகீழாகச் செருகும் தொல்லை மட்டும் இல்லை.

முதலில் வீடுகளுக்குச் செல்லவேண்டும். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் அல்பங்கள் மிஞ்சவில்லை. அடையாள அட்டைப் படம் ஒன்றே எஞ்சியிருக்கலாம். அதனை வாங்கிச் செல்லாதீர்கள். அவ்வீட்டு விறாந்தையிலேயே, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இன்றிக் கைபேசியால் படமெடுத்து, உடனே கையிற் கொடுத்துவிடுங்கள். படமே இல்லாதவருக்கு வெள்ளைத் தாளில் பெயரைப் பெரிதாக எழுதி, அதனைப் படமெடுத்து வரிசையிற் சேர்க்கலாம்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தது, தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்பதற்காகவே. அப்படிப்பட்ட பிள்ளையின் படத்தைத் தாயைக் கேளாமல் மரித்தோர் வரிசையில் வைப்பது பெரும் பிழை. அவர் விரும்பினால் இறுதியில் வேறு தலைப்பின்கீழ்க் காட்டலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனிக் கருவி. படங்கள் ஜேபெக் வகையில் இருக்கவேண்டும்; ஐபோனின் ஹீக் வகையைப் பல புறொஜெக்ரர்கள் திறப்பதில்லை. கைபேசியில் ஓ.ரி.ஜி. இணைப்பியைப் பொருத்தி, பென்டிரைவில் ஒரே கோப்புறைக்குள் அவற்றைப் போடுங்கள். பெயர்களை 001, 002 என மூன்று இலக்கத்தில் இடுங்கள். வெறும் 2, 10 என்றிட்டால் சில கருவிகள் 10ஐ முதலிற் காட்டிவிடும். பென்டிரைவைத் தட்டையான யூ.எஸ்.பி. வாயிற் செருகவேண்டும், சதுர வாய் கணினிக்குரியது. பின்னர் றிமோற்றில் யூ.எஸ்.பி.யைத் தெரிவுசெய்து, கோப்புறையைத் திறக்கலாம். பென்டிரைவைக் கருவி ஏற்காவிட்டால் எஃப்.ஏ.ரி. 32 முறையில் அதனை ஒழுங்குபடுத்த நேரிடும். அது உள்ளிருப்பதை எல்லாம் அழித்துவிடும். ஆகவே படங்களின் பிரதி கைபேசியில் இருக்கட்டும்.

படங்கள் தாமாக மாறும் வசதியும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு தாய் தன் மகனின் முகத்தைக் கண்டு நிமிருமுன் அடுத்த படம் வந்துவிடும். பெயரை ஒருவர் வாசிக்க, சபை ஒரு செபம் சொல்லி முடிந்தபின், றிமோற்றைக் கையால் அழுத்துவதே நன்று.

முதல்நாள் இரவே ஆலயத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டினால் திரையாகும். கார்த்திகை மழையில் மின்சாரம் நின்றாலும் என்று ஜெனரேற்றரை ஆயத்தமாக வைத்திருப்போர், முடிவில் புறொஜெக்ரரை அணைத்து, அதன் விசிறி ஓய்ந்தபின்பே ஜெனரேற்றரை நிறுத்தவேண்டும்.