உறையுள் தேடும் உள்ளங்கள்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். வன்முறைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவோர் இம்மூன்றையும் ஒரே நாளில் இழக்கின்றனர். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிலிருந்து, மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தைச் சேர்ந்த 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் எல்லையைக் கடந்து பங்ளாதேஷில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். காக்ஸ் பஜார் மாவட்டத்தின் குன்றுகளில் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான குடில்கள் எழுந்தன.

அக்குடில்கள் மூங்கிலாலும் தார்ப்பாயாலும் ஆனவை. முகாம் தற்காலிகமானது என்பதால் அங்குக் கல்வீடுகள் கட்ட அரசாங்கம் அனுமதிப்பதில்லை. அவசரகால உறைவிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பது அனைத்துலக அளவுகோல். அதன்படி ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 17.5 சதுர மீட்டர் தேவை. நெரிசல் மிகுந்த முகாமில் பலருக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை.

கூரை மட்டும் இருந்தால் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே, உதவி அமைப்புகள் போர்வை, பாய், கொசுவலை, சமையல் பாத்திரங்கள், தண்ணீர்க் கலன், சூரியசக்தி விளக்கு போன்றவற்றையும் வழங்குகின்றன. இவை எளிய பொருள்களே. ஆயினும், ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தைத் தடுக்கிறது. மூடியுள்ள கலன் குடிநீர் மாசடையாமல் காக்கிறது. இரவில் கழிவறைக்குச் செல்லும் பெண்களுக்கு விளக்கு பாதுகாப்பளிக்கிறது. 2018ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் சமையல் எரிவாயு, விறகுக்காக மரம் வெட்டுவதைக் குறைத்தது. மரங்கள் மீண்டும் வேரூன்றினால் மழைக்காலத்தில் மண்சரிவு அபாயமும் குறையும்.

இவ்வுதவியை ஒருமுறை வழங்கினால் போதாது. வெயிலில் தார்ப்பாய் நைந்துபோகிறது. மூங்கிலைப் பூச்சிகள் துளைக்கின்றன. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏற்பட்ட பெருந்தீயில் ஏறத்தாழ 45,000 பேர் மீண்டும் வீடிழந்தனர். 2023ஆம் ஆண்டு மே மாதம் மோக்கா புயல் பல குடில்களைச் சிதைத்தது. ஒவ்வொரு முறையும் பொருள்கள் புதிதாகத் தேவைப்பட்டன.

இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அகதிகளுக்கான அமைப்பு, பெரும்பாலும் நாடுகளும் தனியாரும் மனமுவந்து தரும் நன்கொடையை நம்பியே செயல்படுகிறது. உலகில் புதிய போர்கள் மூளும்போது பழைய துயரங்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. 2023ஆம் ஆண்டு, நிதிப் பற்றாக்குறையால் காக்ஸ் பஜார் அகதி ஒருவருக்கான மாதாந்திர உணவு உதவி 12 அமெரிக்க டாலரிலிருந்து 8 டாலராகக் குறைந்தது. 2025ஆம் ஆண்டில் நன்கொடை நாடுகள் பலவும் தங்கள் பங்கைக் குறைத்தன.

கையிருப்பு குறையும்போது கடினமான முடிவுகளை எடுக்க நேர்கிறது. புதிதாக வருவோருக்குக் குடில் அமைப்பதா, ஒழுகும் பழைய கூரைகளை மாற்றுவதா? அனைவருக்கும் சிறிதளவு கொடுப்பதா, முதியோர், உடற்குறையுள்ளோர், பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் ஆகியோருக்கு முழுமையாகக் கொடுப்பதா? எந்த முடிவை எடுத்தாலும் ஒரு சாரார் மழையில் நனைவர்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். மருந்துக் கரைசலில் ஊறவைத்த மூங்கில் பல ஆண்டுகள் உழைக்கும். மழைக்காலத்திற்கு முன்பே கயிறும் முளைக்குச்சிகளும் கொடுத்தால் குடும்பங்கள் தாமே கூரையை இறுகக் கட்டிக்கொள்ளும். இவற்றுக்கு ஆகும் செலவு, சரிந்த குடிலை மீண்டும் எழுப்பும் செலவைவிடக் குறைவு. ஆனால், அச்சிறு தொகையும் உரிய காலத்தில் வந்து சேர வேண்டும். புயலுக்குப் பின் குவியும் இரக்கத்தைவிட, புயலுக்கு முன் வந்துசேரும் ஒரு சுருள் கயிறே அக்குடும்பங்களுக்குப் பேருதவியாகும்.