ரிவர்ஸ் எடுக்க வெளிச்சம் போதவில்லையா?

தெருவிளக்கு இருக்கும் இடத்தில் ரிவர்ஸ் விளக்கின் குறை தெரியாது. தோட்டத்துப் பாதையில், ஒரு பக்கம் வாய்க்கால் இருக்க, இரவில் பொலிரோவைப் பின்னால் எடுக்கும்போதுதான் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் அங்கே இருப்பது 21 வாட் பல்பு. சிலவற்றில் அதுவும் ஒரு பக்கம்தான். கேமரா வைத்திருந்தாலும் இருட்டில் திரையில் புள்ளிகள்தான் மிதக்கும்.

சிலர் அதே ஹோல்டரில் 55 வாட் ஹாலஜன் பல்பைத் திணிப்பார்கள். அந்தச் சூட்டுக்குப் பிளாஸ்டிக் கூடு உருகிவிடும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு, அதே ஹோல்டரில் பொருந்தும் எல்.இ.டி. பல்பே போதும். மற்றவர்கள் தனி விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை: 18 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 12 வோல்ட் நான்கு பின் ரிலே, 10 ஆம்பியர் ஃபியூஸும் ஹோல்டரும், 1.5 சதுர மி.மீ. வயர், லக்குகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். விளக்கு ‘ஃபிளட்’ வகையாக இருக்கட்டும். ‘ஸ்பாட்’ வகை தூரத்தில் ஒரு வட்டத்தைக் காட்டும். பள்ளம் இருப்பதோ டயருக்குப் பக்கத்தில். ஐ.பி.67 தரம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். லாரிக்கு என்றால் ரிலேயும் விளக்கும் 24 வோல்ட்டுக்கு ஏற்றதாக வேண்டும்.

ரிலே எதற்கு, பழைய பல்பு வயரிலேயே முறுக்கி விட்டால் எரியாதா என்று கேட்பீர்கள். எரியும். ஆனால் இரண்டு பழைய பல்புகள் ஏற்கெனவே 3.5 ஆம்பியர் இழுக்கின்றன. புதியவை இன்னொரு 3 ஆம்பியர். இத்தனையும் கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன ரிவர்ஸ் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். அதன் முனைகள் நாளடைவில் கருகும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். ரிலே வைத்தால் பழைய வயரிலிருந்து சுமார் 0.2 ஆம்பியர் மட்டும் போதும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரும். வேலையின் உயிர்நாடி இந்த ஒன்றுதான்.

முதலில் ரிவர்ஸ் வயரைக் கண்டுபிடியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரில் வையுங்கள். பின் விளக்கின் வயர்களில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தால் ஒன்றில் எரியும். நியூட்ரலுக்கு மாற்றியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் அது வேறு வயர். நிறத்தை நம்பாதீர்கள், வண்டிக்கு வண்டி மாறும்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். விளக்குகளைப் பம்பருக்குக் கீழே, நம்பர் பிளேட்டை மறைக்காமல், சேறு நேராக அடிக்காத இடத்தில் பொருத்துங்கள். ரிலேயைப் பின் விளக்குக்குப் பக்கத்தில், நனையாத உள்பக்கத்தில் வையுங்கள்.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 86-இல் ரிவர்ஸ் வயரிலிருந்து ஒரு கிளை; 85-இல் எர்த்; 30-இல் பேட்டரியின் பாசிட்டிவ்; 87-இலிருந்து இரு விளக்குகளின் சிவப்பு வயர்கள். கடைக்காரர் ஐந்து பின் ரிலே கொடுத்தால் 87ஏ என்ற பின்னைத் தொடாதீர்கள்: வண்டி நிற்கும்போதும் முன்னே போகும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் வயர் உரசி பாடியைத் தொடும்போது அது காப்பாற்றாது. வயரைச் சைலன்சருக்கு எட்டத்தில், ஸ்லீவுக்குள் கொண்டுபோங்கள். தகட்டைத் துளைத்தால் ரப்பர் குரோமெட் கட்டாயம். விளக்கின் கறுப்பு வயருக்கு எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, லக்கைப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

நெகட்டிவை மீண்டும் மாட்டிவிட்டு, விளக்கின் கோணத்தை இரவில் சரிசெய்யுங்கள். வெளிச்சம் வண்டிக்குப் பின்னால் நான்கைந்து மீட்டரில் தரையைத் தொடட்டும். பின்னால் நிற்பவர் கண்ணைப் பொத்திக்கொண்டால் இன்னும் கீழே இறக்குங்கள்.

தனி சுவிட்ச் வைக்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். வேண்டாம். பின்னோக்கி வெள்ளை விளக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டுமே எரியலாம். ஓடும்போது எரிந்தால் பின்னால் வருபவருக்கு வண்டி எந்தப் பக்கம் போகிறது என்றே புரியாது. புது வண்டி என்றால், வயரைத் தொடுவதற்கு முன் வாரண்டி நிபந்தனைகளை சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

பிறகொரு நாள் விளக்கு எரியாவிட்டால், ரிவர்ஸ் போட்டதும் ரிலேயில் ‘டிக்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் முதலில் ஃபியூஸையும் விளக்கின் எர்த்தையும் பாருங்கள். வராவிட்டால் 86-க்கு வரும் கிளையையோ 85-இன் எர்த்தையோ சோதியுங்கள்.