கழிவுநீரும் மீன் ஏரிகளும்

கொல்கத்தா நகரின் கிழக்கே சாக்கடை நீரில் மீன் வளர்க்கின்றனர் என்றால் கேட்போர் முகம் சுளிப்பர். செய்தி உண்மையே. 'பேரி' எனப்படும் அவ்வேரிகள் ஆழமற்றவை. ஆதலின் சூரிய ஒளி நீரினுள் நன்கு பாய்கின்றது. கழிவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன; அதனால் எழும் சத்துக்களைக் கொண்டு பாசி தழைக்கின்றது; பாசி வெளியிடும் பிராணவாயு மீண்டும் பாக்டீரியாக்களுக்கு உதவுகின்றது. பாசியை மீன் தின்று அதன் பெருக்கத்தை அடக்குகின்றது. கழிவுநீரை எப்பொழுது, எவ்வளவு விடுவது என்பதை மீனவர் நீரின் நிறமும் மணமும் கொண்டே அறிவர். அளவு மிஞ்சினால் விடியற்காலையில் மீன்கள் மடியும். இரவில் பாசியும் பிராணவாயுவை உட்கொள்வதே காரணம். (ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு விளக்கலாம்.) கரையோரம் ஆகாயத்தாமரையை வளர்த்து அலையரிப்பைத் தடுக்கின்றனர். நாம் களையென வெறுக்கும் செடி அது!

இம்முறையின் மதிப்பை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். நகர விரிவுக்காக ஏரிகளைத் தூர்க்கும் முயற்சி எழுந்தபோது பொதுமக்கள் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் நிலப்பயன் மாற்றத்திற்குத் தடை விதித்தது. ஏரிகளும் வயல்களும் அடங்கிய 12,500 ஹெக்டேர் பரப்பு 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; 2006-இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது.

ஆயினும் சட்டம் கால்வாயைத் தூர்வாராது. வண்டல் படிந்து கழிவுநீர் வரத்துக் குன்றினால் மீன்தொழில் நலியும். நலிந்த ஏரியை மனை வணிகர் எளிதில் விலை பேசுவர். ஆகவே, இத்தகைய நீர்நிலைக்குச் செல்லும் களப்பணியாளர் எல்லைக்கல்லைப் பார்ப்பதோடு, கால்வாயில் நீர் வருகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும்.