கொதிக்காமலே வற்றும் தண்ணீர்

மரக்காணத்தில் வேதியியல் நடத்துகிறவர்களை ஒரு கேள்வி ஆண்டுதோறும் தேடி வரும். "சார், தண்ணி 100 டிகிரியிலதானே கொதிக்கும்? அளத்துல அந்தச் சூடு இல்லையே, அப்புறம் எப்படி பாத்தி வத்துது?" கேட்பது பெரும்பாலும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பின் வேதிவினை வேகவியலை நான் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறேன். இதற்குப் பதில் புரிந்துவிட்டால், 'கிளர்வு ஆற்றல்' என்ற சொல் பிள்ளைகளை மிரட்டுவதில்லை.

வெப்பநிலை என்பது சராசரிக் கணக்கு. பாத்தியில் கிடக்கும் நீர் மூலக்கூறுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆற்றல் கிடையாது. நீர்ப்பரப்பை விட்டுப் பறக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 44 கிலோஜூல் வேண்டும். சாதாரண மூலக்கூறிடம் அதில் சிறு பங்குதான் இருக்கும். ஆனால் எந்த நேரத்திலும் மிகச் சிலவற்றிடம் தேவையான அளவு சேர்ந்திருக்கும். அவை போய்விடுகின்றன. வெயிலும் தரையும் ஆற்றலை ஈடுகட்ட, அடுத்த சில தயாராகின்றன. 25 டிகிரியில் தூய நீரின் ஆவி அழுத்தம் 3.2 கிலோபாஸ்கல், 35 டிகிரியில் 5.6. கெல்வினில் பார்த்தால் 298 என்பது 308 ஆகியிருக்கிறது, வெறும் 3 சதவீத உயர்வு. ஆவி அழுத்தமோ முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும் உச்சியில் இருக்கும் அந்தச் சிலரின் எண்ணிக்கை மளமளவென்று ஏறும் என்பதை மாணவர் இங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆவியாவது வேதிவினை அல்ல. இதை வகுப்பில் அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஆனால் வேதிவினைக்கும் கணக்கு இதே வடிவம்தான். பாத்தியின் வரப்பை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். காற்றடிக்கும்போது எழும் அலைகளில் மிக உயர்ந்தவை மட்டுமே வரப்பைத் தாண்டும். அந்த வரப்பின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். அது மோலுக்கு 50 கிலோஜூல் என்றால், 25 டிகிரியில் நூறு கோடிக்கு 1.7 என்ற விகிதத்தில்தான் அந்த ஆற்றல் கிடைக்கிறது. 35 டிகிரியில் 3.3. "பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிக்கும்" என்று மனப்பாடம் செய்கிறார்களே, அந்த விதி பிறக்கும் இடம் இது.

அந்த விதியை எல்லா வினைக்கும் பொருத்தக் கூடாது. அதே 25இலிருந்து 35க்குப் போகையில், கிளர்வு ஆற்றல் 20 கிலோஜூலாக இருந்தால் வேகம் 1.3 மடங்குதான், 100 ஆக இருந்தால் 3.7 மடங்கு. வரப்பு உயரமாக இருக்க இருக்க, வினை வெப்பத்துக்கு அதிகமாகத் துள்ளும். தேர்வில் இதைத் தலைகீழாக எழுதுகிறவர்கள் நிறைய. மூன்று எண்களையும் மாணவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும், பிறகு மறக்காது.

அர்ஹீனியஸ் 1889இல் இந்தச் சமன்பாட்டுக்கு வந்தது கரும்புச் சர்க்கரை அமிலத்தில் சிதைவதை ஆராய்ந்துதான். சர்க்கரை மூலக்கூறுகளில் ஒரு சிறு பகுதி மட்டும் 'கிளர்ந்த' நிலையில் இருக்கிறது, சூடேறினால் அந்தப் பகுதி பெருகுகிறது என்று அவர் கருதினார். இதைச் சொல்லும்போது நம் பனைமரத்தைக் காட்டாமல் விட எனக்கு மனம் வராது. பதநீரில் உள்ளதும் அதே சர்க்கரைதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால், வெயில் ஏறுவதற்குள் நுண்ணுயிர்கள் பெருகிப் புளித்துவிடும். புளிப்பின் அமிலம் சர்க்கரைச் சிதைவையும் தூண்டும். சுண்ணாம்பு காரத்தன்மையைத் தந்து இரண்டையும் தடுக்கிறது. வெயிலைக் குறைக்க முடியாத ஊரில் வினைவேக மாற்றியான அமிலத்தை எடுத்துவிடுகிறார் பனையேறி. அமிலம் தாழ்த்தியிருந்த வரப்பு தன் பழைய உயரத்துக்குத் திரும்பிவிடுகிறது. வினைவேக மாற்றிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆய்வகத்துக்கு வருவோம். சோடியம் தயோசல்பேட்டுடன் அமிலம் சேர்த்து, அடியில் போட்ட பெருக்கல் குறி மறையும் நேரத்தைக் குறிக்கும் சோதனை போதும். புத்தகம் 'அறை வெப்பநிலை' என்று சொன்னால் 25 என்று எழுதிவிடாதீர்கள். சித்திரையில் நம் அறை அதைவிட மிகச் சூடாக இருக்கும். வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதுங்கள். இரண்டு கரைசல்களையும் தனித்தனியே ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே கலக்க வேண்டும். குளிர்ந்த பக்கத்துக்கு மீன் இறங்கும் இடத்தில் கிடைக்கும் ஐஸே போதும். சூடான பக்கத்தில் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம், கந்தக டை ஆக்சைடு நெடி அடிக்கும்; ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். வேகத்தின் இயல் மடக்கையை, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழோடு வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவை 8.314ஆல் பெருக்கி, குறியை மாற்றினால் கிளர்வு ஆற்றல். செல்சியஸைப் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

வெப்பம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் உப்பளமே சாட்சி. மோட்டார் கொட்டகையின் கீல் எப்போது வேகமாகத் துருப்பிடிக்கும் என்று கேட்டால், "நடுப்பகல்ல, அப்பதான் சூடு" என்பார்கள். துருவுக்கு இரும்பின் மேல் ஒரு நீர்ப்படலம் வேண்டும். பகலில் அது காய்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்குகிறது. மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இரவில் கீலில் படிந்த உப்புத்தூள் நீர்ப்படலமாக மாறி, குளிர்ந்த வேளையில்தான் துரு வேலை செய்கிறது. அதனால் மாலையில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் கிரீஸ் தடவி வைப்பதே பலன் தரும். இன்னொன்று, பாத்தியின் முற்றிய உப்புநீரில் முழுதாக மூழ்கிய இரும்பைவிடக் கடல்நீரில் கிடக்கும் இரும்பு வேகமாக அரிபடும். உப்பு கூடக் கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறைந்துவிடுவதே காரணம். வினைபடு பொருளே இல்லாதபோது வெப்பநிலை என்ன செய்ய முடியும்?

கடைசிக் கணக்கு மீன் குப்பத்துப் பிள்ளைகளுக்கு. மீன் கெடுவது ஒற்றை வினை அல்ல. நொதிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து செய்வது. ஆனாலும் 0 டிகிரியில் இருக்கும் மீனைவிட 5 டிகிரியில் இருப்பது ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகக் கெடும் என்பது மீன்வளத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குளிர்ந்த பக்கத்தின் சில டிகிரிகளே இவ்வளவு செய்யும் என்றால், படகிலேயே 30 டிகிரியில் கழியும் நேரம் என்ன செய்யும் என்று கணக்குப் போடச் சொல்வேன். ஐஸைக் கரையில் தேடாமல் கடலுக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெரிய கட்டியாக வேண்டாம், உடைத்து மீனுக்கு அடியிலும் மேலிலும் பரப்பி, உருகும் நீர் வடிய வழி விட வேண்டும்.