நாளுக்கு ஓர் அதிகாரம்

"வாசிக்க ஆசைதான்; நேரம் எங்கே?" என்பது பலரின் முறைப்பாடு. நேரம் தானாகக் கிடைப்பதில்லை, நாமே ஒதுக்கவேண்டும். திருக்குறளை எடுத்துக்கொள்வோம். அதிகாரங்கள் 133, ஒவ்வொன்றிலும் பத்துக் குறள்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால், ஐந்து மாதங்களுக்குள் 1,330 குறள்களையும் வாசித்து முடிக்கலாம்.

முதலாவது, காலைத் தேநீரின்போதோ இரவுச் சாப்பாட்டின் பின்னரோ ஒரே வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நூலைக் கண்ணிற்படும் இடத்தில் வையுங்கள். மூன்றாவது, ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க முயலாது, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஏன் இதனை வற்புறுத்துகிறோம்? 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதற்காக இன்றும் வருந்துகிறோம். ஆனால், வீட்டில் திறக்கப்படாது கிடக்கும் நூலும் நாம் இழந்த நூலே. இன்றிரவே ஒன்றைத் திறப்போம்.